கடலில் இருப்பவர் ஒவ்வொருவரும்

காலையில் தண்ணீர் வற்றத் தொடங்கியதும் வடமுகம் மீனவர் ஊரில் கூட்டமணி அடித்தது. முகத்துவாரத்தில் மணல்மேடு தலைகாட்டிவிட்டால் படகுகள் வெளியே போகவும் முடியாது, உள்ளே வரவும் முடியாது. அந்த நேரத்தில்தான் ஊர் சும்மா இருக்கும். அதனால் பத்து மாதமாக வாசிப்பு அந்த நேரத்தில்தான் நடந்துவந்தது. ஆண்களும் பெண்களும் டீ டம்ளரோடு வந்து மீன் ஏலக்கூடத்தில் உட்கார்ந்தார்கள். பூங்கோதை கவிழ்த்துப்போட்ட ஐஸ்பெட்டி மேல் ஏறி நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசித்தாள்.

"ஒரு படகு ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் இருக்கும்."

"எங்க மச்சான் படகு ரெண்டு எடத்துல கீதும்மா," என்று பின்னாலிருந்து ஒரு குரல். "போன மாசம் ஒடஞ்சுது. முன்பக்கம் இங்க கீது. பின்பக்கம் இலங்கைக்குப் போயிருக்கும்."

கூடமே சிரித்தது. பூங்கோதை சிரிக்கவில்லை. "ஒடஞ்ச படகைப் படகுன்னு சொல்லுவீங்களா, மாட்டீங்களா?" என்று கேட்டாள். அதற்கு ஒரு மணி நேரம் போனது. ஓட்டை விழுந்தாலும் படகுதான் என்றார்கள் சிலர். மிதந்தால்தான் படகு என்றார்கள் சிலர். கடைசியில் 'ஆளைத் தாங்கும்வரை படகு' என்று முடிவாயிற்று. கைகள் உயர்ந்தன. அவள் அந்த வாக்கியத்தை எழுதிக்கொண்டாள்.

இதுதான் அவள் தொழில். களவரைஞர் என்று பெயர். மென்பொருள் எழுதும் வேலையை மனிதர்கள் விட்டு இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. அதை நெய்வான் எழுதிக்கொள்ளும். டீ ஆறுவதற்குள் லட்சம் வரி நெய்து தள்ளும் எந்திரம் அது. ஆனால் நெய்வானுக்கு உலகம் தெரியாது. படகு தெரியாது, மணல்மேடு தெரியாது. நாம் சொல்வதை அப்படியே நம்பும். பழைய காலத்தில் ஆட்கள் வந்து, 'உங்களுக்கு என்ன வேணும்?' என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய் எழுதினார்களாம். 'இங்கே என்ன இருக்கு?' என்று யாரும் கேட்கவில்லை. அதில் ஆஸ்பத்திரிகள் நின்றன, அணைகள் வேளைகெட்ட வேளையில் திறந்தன, ஏகப்பட்ட உயிர் போயிற்று. அதன்பிறகுதான் சட்டம் வந்தது. முதலில் உள்ளதைச் சொல்ல வேண்டும். அதுதான் களவரைவு. அடுத்து வேண்டியதைச் சொல்ல வேண்டும். அதற்கு வேண்டுகை என்று பெயர். இரண்டும் முடிந்த பிறகுதான் நெய்வானை எழுப்பலாம்.

களவரைவில் எந்திரத்தைப் பற்றி ஒரு சொல்கூட வரக்கூடாது. எந்திரம் வருவதற்கு முன்னால் இந்த இடம் எப்படி இருக்கிறதோ அதை மட்டும் சொல்ல வேண்டும். அங்கே வாழ்கிறவர்கள் கேட்டுவிட்டு, 'ஆமா, இது நாங்கதான்' என்று ஒப்ப வேண்டும். ஒருவர் மறுத்தாலும் வாக்கியம் நிற்காது.

"கடலில் இருப்பவர் ஒவ்வொருவரும் ஒரு படகில் இருக்கிறார்," என்று பூங்கோதை அடுத்ததை வாசித்தாள்.

"இதுக்கு இன்னா பேச்சு? கடல்ல நடந்தா போவோம்?" என்றார் ஊர்த்தலைவர் ஏகாம்பரம். அறுபது வயது. படகோட்டி உரமேறிய தோள்.

"அதெல்லாம் படகுல இருக்கற சென்சார் பாத்துக்கும்," என்று பக்கத்தில் நின்ற கிருபாகரன் வாய் தவறிச் சொன்னான். கடல்கதவு கட்டும் திட்டத்துக்கு அவன்தான் தலைமைப் பொறியாளன்.

"எந்திரச்சொல்!" என்று கூடமே கத்தியது. எந்திரச்சொல் சொன்னவர் எல்லாருக்கும் டீ வாங்கித் தர வேண்டும் என்பது அந்த ஊர் வைத்துக்கொண்ட வழக்கம். கிருபாகரன் தலையில் கைவைத்துக்கொண்டான். பத்து மாதத்தில் அந்த ஊர் குடித்த டீயில் பாதி அவன் வாங்கியது.

கைகள் உயர்ந்தன. மறுப்பு இல்லை. பேச்சே வேண்டாம் என்று மற்றவற்றுக்கு அடிப்படையாக வைத்துக்கொண்டு, ஒப்புதலுக்கு மட்டும் கடைசியில் விட்ட வாக்கியம் அது. ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு யாரோ விசிலடித்தார்கள். ஏகாம்பரம் எழுந்து பூங்கோதையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

அவர் கலங்கியதற்குக் காரணம் இருந்தது. கடல் ஏறிவிட்ட காலம் அது. ஐப்பசியில் புயல் வந்தால் அலை ஊருக்குள் ஆள் உயரத்துக்கு வரும். முகத்துவாரத்தில் ராட்சதக் கதவு ஒன்றைக் கட்டி முடித்தாயிற்று. ஆனால் அது வெறும் இரும்பு. எப்போது மூடுவது, எப்போது திறப்பது என்று அதற்குத் தெரியாது. ஐப்பசி பிறப்பதற்குள் கதவு உயிர்பெறாவிட்டால் ஊரைக் காலிசெய்து உள்நாட்டு அடுக்குமாடிகளுக்குக் கொண்டுபோய்விடுவதாக அரசு முடிவுசெய்திருந்தது. ஐப்பசிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. முத்திரைக் கூட்டத்தில் ஒருமுறை முழுதாக வாசித்து முடித்தால் வேலை முடிந்தது.

அந்தச் சந்தோஷத்தில் அன்று ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. முந்தின நாளும் ஒரு கல்யாணத்துக்காகப் போகவில்லை. மத்தியானம் பூங்கோதை தேசம்மாள் மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தாள். பத்து மாதத்தில் முதல்முறையாகப் பசித்துச் சாப்பிடுவது போலிருந்தது. தேசம்மாள் ஒரு கரண்டி நிறைய இறால் தொக்கை இலையில் போட்டாள்.

"பெரிய இறாலா இருக்கே அக்கா. ஐஸ்ல வெச்சதா?"

"ஐஸ்ஸா? இன்னா கண்ணு நீ. காலையில துள்ளிக்கினு வந்துச்சு."

பூங்கோதை ஒரு வாய் சாப்பிட்டாள். இரண்டாவது வாய்க்குக் கை எடுத்தவள் அப்படியே நிறுத்தினாள். பத்து மாதமாக வாக்கியம் வாக்கியமாக யோசித்துப் பழகிய மூளை அது. இறால் கடலில் இருந்து வந்தது. பிடித்தவர் கடலில் இருந்திருக்கிறார். கடலில் இருப்பவர் ஒவ்வொருவரும் ஒரு படகில் இருக்கிறார். இரண்டு நாளாக எந்தப் படகும் போகவில்லை.

"அக்கா, இது எந்தப் படகுல வந்துச்சு?"

"படகா? கன்னியம்மா கொண்டாந்தா. ஊருக்கு வெளிய மண்திட்டுல குடியிருக்கறவங்க. அவங்களுக்கு ஏது படகு? தண்ணியில எறங்கி கையாலயே பிடிப்பாங்க."

"எங்க?"

"கதவுக்கு அந்தாண்ட. மேட்டுல."

"கதவுக்கு வெளியிலயா!" பூங்கோதையின் குரல் உயர்ந்துவிட்டது. "இத்தனை மாசத்துல ஒருத்தரும் சொல்லலையேக்கா!"

தேசம்மாள் கரண்டியோடு நின்றாள். "நீ படகைப் பத்திதான கேட்ட?" என்றாள். நிஜமாகவே குழம்பிப்போயிருந்தாள்.

அந்த இலையில் மீதி இருந்ததைப் பூங்கோதை சாப்பிடவில்லை. கிருபாகரன் தங்கியிருந்த கொட்டகைக்கு நடந்தாள். வேண்டுகை அவன் சுவரிலேயே பெரிதாக எழுதி ஒட்டியிருந்தது. 'கடலில் யாரும் இல்லாதபோதுதான் கதவு மூட வேண்டும்.' அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் நெய்வான் அதை அவள் வாக்கியத்தோடு சேர்த்துப் படிக்கும். கடலில் இருப்பவர் ஒவ்வொருவரும் படகில் இருக்கிறார் என்றால், வெளியே படகு இல்லாதபோது கடலில் யாரும் இல்லை. ஆகவே படகுகளை மட்டும் எண்ணினால் போதும். கணக்கு அத்தனை சுத்தமாக இருக்கும். அத்தனை சுத்தமாகக் கதவு மூடும். மூடியபிறகு வெளியே திட்டுக்காரர்கள் கழுத்தளவு தண்ணீரில் நிற்பார்கள்.

மறுநாள் தண்ணீர் வற்றும் நேரம் அவள் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு கதவைத் தாண்டிப் போனாள். மேட்டின் சரிவில் மார்பளவு தண்ணீரில் ஆட்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் சேற்றைத் துழாவின. ஓலையில் பின்னிய சின்னப் பறியை ஒவ்வொருவரும் பல்லால் கடித்துப் பிடித்திருந்தார்கள். இறால் அகப்பட்டதும் கை மேலே வரும், பறிக்குள் போடும், மறுபடி தண்ணீருக்குள் போகும்.

"இங்க கன்னியம்மா யாருங்க?" என்று கூப்பிட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. ஒரு பெண் மட்டும் புருவத்தைத் தூக்கிக் காட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். பறி நிரம்பிய பிறகுதான் கரைப்பக்கம் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். பறியை வாயிலிருந்து எடுத்துத் தாடையைத் தேய்த்துக்கொண்டாள்.

"நான்தான். கூப்ட்டா எப்டிம்மா பதில் சொல்றது? வாயில பறி கீதுல்ல."

"நீங்க ஏன் ஒரு கூட்டத்துக்கும் வரல?"

"கூட்டத்த எப்ப வெக்கிற நீ?"

"தண்ணி வத்தற நேரம். அப்பதான் எல்லாரும் சும்மா…" பூங்கோதை நிறுத்திக்கொண்டாள்.

கன்னியம்மா சிரித்தாள். "எங்களுக்கு வேலையே அப்பதாம்மா. தண்ணி ஏறிட்டா நாங்க சும்மா. அப்ப நீங்க யாரும் இல்ல."

பத்து மாதம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒருமனதாக உயர்ந்த கைகள். அவற்றில் இவர்கள் கை ஒன்றுகூட இல்லை. 

"நாளன்னிக்கு முத்திரைக் கூட்டம். நீங்க வந்து மறுத்தாத்தான் அந்த வாக்கியம் விழும். களவரைஞருக்கு மறுக்கற உரிமை கெடையாது. இந்த எடத்துல வாழறவங்களுக்குத்தான் உண்டு."

"வந்தா அன்னிக்கு சோறு? அதுவும் ஏலக்கூடத்துல போயி ஊருக்காரங்க நடுவுல நின்னுக்கினு, வாணாம்னு சொல்லணுமா? நீ வேற." கன்னியம்மா பறியை மறுபடி வாயில் வைத்துக்கொண்டாள். பேச்சு முடிந்தது.

விஷயத்தைக் கேட்டதும் கிருபாகரன் நாற்காலியில் சரிந்தான். "மேடம், இதைப் போய் இப்பச் சொல்றீங்களே! அந்த வாக்கியம் விழுந்தா அதுமேல நிக்கிற எல்லாம் விழும். பேசாம மூடி சீல் வெப்போம். அவங்களுக்குன்னு தனியா ஒரு சைரன் வெச்சிடறேன். கதவு மூடுறதுக்கு முன்னாடி ஊதும்."

"எந்திரச்சொல்," என்றாள் பூங்கோதை.

"விளையாடாதீங்க."

"விளையாடல சார். சைரன் ஊதினா வந்துடுவாங்கன்னு யார் சொன்னா? சேத்துல கால் மாட்டியிருந்தா? காது கேக்காதவங்க இருந்தா? உள்ளதை மறைச்சுட்டு மேல ஒரு எந்திரத்தை ஒட்டவெச்சா, அந்தக் காலத்து ஆளுங்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?"

ஏகாம்பரம் வந்து கேட்டார். முகம் கறுத்துவிட்டது. "வாய்க்கு வந்த சோத்தத் தட்டி வுடறியேம்மா. ஐநூறு குடும்பம் கீது இந்த ஊர்ல."

"அவங்க எத்தனை குடும்பம் தலைவரே?"

 அவருக்கு எண் தெரியவில்லை. "நாங்க ஒண்ணும் மறைக்கல," என்றார் மெதுவாக. "தெனம் பாக்கறவங்கதான். நெனப்புல வரல, அவ்ளோதான்."

"எனக்கும் வரலையே. கேக்க வேண்டியது நான்தான."

அன்று முழுக்க அவள் சட்டத்தைப் புரட்டினாள். மறுக்க அவளுக்கு உரிமை இல்லை. கூட்ட நாளை மாற்றவும் உரிமை இல்லை. ஒன்றே ஒன்று இருந்தது. கூட்டம் தொழில் நடக்கும் இடத்தில் நடக்க வேண்டும். இடத்தைக் குறிப்பது களவரைஞர். இத்தனை நாளும் ஏலக்கூடம் என்று குறித்துவந்தாள். இப்போது அடித்துவிட்டு எழுதினாள்: முகத்துவாரம், கதவுக்கு வெளியே, மேட்டுச் சரிவு.

முத்திரைக் கூட்டத்தன்று வடமுகம் அப்படி ஒரு ஊர்வலத்தை அதுவரை பார்த்ததில்லை. வேட்டியை மடித்துக் கட்டியவர்கள், சேலையைத் தூக்கிச் செருகியவர்கள், பேன்ட்டைத் தொடைவரை சுருட்டிய கிருபாகரன். தேசம்மாள் டீக்கேனைத் தலையில் சுமந்துகொண்டு தண்ணீரில் இறங்கினாள். அரசிலிருந்து வந்த அதிகாரி ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். எல்லாருக்கும் மார்பளவு தண்ணீர். கையால் இறால் பிடிக்கும் கைப்பிடிக்காரர்கள் வழக்கமான இடத்தில் வழக்கமான வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். கூட்டம் அவர்களைச் சுற்றி வந்து நின்றது.

"இன்னாத்துக்கும்மா எங்கள முக்கி எடுக்கற?" என்று ஊர்க்காரர் ஒருவர் கேட்டார்.

"தொழில் நடக்கற எடம் இதுங்க," என்றாள் பூங்கோதை. பிறகு வாசிக்க ஆரம்பித்தாள். படகைப் பற்றிச் சொன்னவை ஒவ்வொன்றாகக் கடந்தன. கைகள் தண்ணீர் சொட்டச் சொட்ட உயர்ந்தன. அலை வந்தபோதெல்லாம் கூட்டம் ஒன்றாக எம்பி ஒன்றாக இறங்கியது. அவள் கடைசி வாக்கியத்துக்கு வந்தாள். குரலை உயர்த்தவில்லை. மற்றதைப் போலவே வாசித்தாள்.

"கடலில் இருப்பவர் ஒவ்வொருவரும் ஒரு படகில் இருக்கிறார்."

பழக்கத்தில் நாலைந்து கைகள் மேலே வந்தன. வந்தவை பாதியில் நின்றன. ஏகாம்பரம் குனிந்து தன் மார்பைப் பார்த்தார். சுற்றிலும் கடல். ஊர் மொத்தமும் கடலில் நின்றுகொண்டிருந்தது. ஒரு படகும் இல்லை.

முதலில் தேசம்மாள்தான் சிரித்தாள். டீக்கேன் ஆடியது. அடுத்து அவள் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு அது அலைபோலப் பரவியது. அதிகாரி சிரித்த சிரிப்பில் அவர் ஷூ ஒன்று தண்ணீரில் விழுந்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே கன்னியம்மா வாயிலிருந்து பறியை எடுத்தாள்.

"பொய்யி," என்றாள்.

சிரிப்பு அடங்கியது. அவள் ஏகாம்பரத்தை நேராகப் பார்த்தாள். "எங்க மாமியாரு இதே எடத்துல முப்பது வருசம் நின்னுது. நான் இருவது வருசமா நிக்கறேன். படகு இல்ல. நாங்க இருக்கறோம்."

பக்கத்தில் இருந்தவர்களும் ஒவ்வொருவராகப் பறியை எடுத்தார்கள். மறுப்பு, மறுப்பு என்று குரல்கள் எழுந்தன.  ஏகாம்பரம் தன் கையைத் தலைக்கு மேலே தூக்கினார். "ஊரு சார்பா நானும் மறுக்கறேன்," என்றார். "பொய்ய வெச்சுக்கினு இன்னாத்துக்குக் கதவு?"

வாக்கியம் விழுந்தது. கிருபாகரன் பயந்தபடியே அதன்மேல் நின்றவையும் சேர்ந்து விழுந்தன. ஆனால் விழுந்தவற்றை மறுபடி எழுத உட்கார்ந்தபோதுதான் பூங்கோதைக்கு அந்த அதிசயம் தெரிந்தது. பத்து மாதமும் அவளைப் படுத்தி எடுத்தவை அந்த வாக்கியங்கள்தான். நடுக்கடலில் ஒருவன் ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்கு மாறினால் அவன் எந்தப் படகு ஆள்? உடைந்த படகைப் பிடித்துக்கொண்டு மிதப்பவன் படகில் இருக்கிறானா, இல்லையா? எல்லாச் சிக்கலும் படகை முதலில் வைத்ததால் வந்தது. ஆளை முதலில் வைத்தாள். 'கடலில் ஆள் இருக்கலாம். ஆள் படகில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.' முடிச்சுகள் தானாக அவிழ்ந்தன. விழுந்தவற்றில் முக்கால்வாசி இனித் தேவையே இல்லை. களவரைவு பாதியாக இளைத்துவிட்டது.

"இவ்ளோதானா?" என்றான் கிருபாகரன் நம்பாமல்.

"இவ்ளோதான் சார். உண்மை எப்பவும் கம்மியாத்தான் இருக்கும்போல."

அடுத்த இரண்டு நாள் வாசிப்பு தண்ணீரிலேயே நடந்தது. மூன்றாம் நாள் முத்திரை விழுந்தது. வேண்டுகையில் ஒரு எழுத்தும் மாறவில்லை. நெய்வானை எழுப்பினார்கள். இனி படகுகளை எண்ணிக் குறுக்குவழியில் போக அதற்கு வழியில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, தண்ணீருக்கடியில் கேட்கும் காதுகள் நாற்பது வேண்டும் என்று கேட்டது. கிருபாகரன் ராவோடு ராவாக வரவழைத்தான். எங்கே நட வேண்டும் என்று சேற்றின் ஆழம் அறிந்த கைப்பிடிக்காரர்கள் சொன்னார்கள். காதுகளைக் கட்டும் கம்பங்களைப் படகுக்காரர்கள் சுமந்தார்கள். ஐப்பசி பிறந்த அன்று கடல்கதவு ஒருமுறை மெல்ல முனகியது. உயிர் வந்துவிட்டது.

முதல் புயல் அந்த மாத நடுவில் வந்தது. மத்தியானமே வானம் இருண்டுவிட்டது. படகுகள் எல்லாம் உள்ளே வந்தாயிற்று. திட்டுக்காரர்களும் வந்தாயிற்று. கன்னியம்மா தன் ஆட்களை இரண்டுமுறை தலை எண்ணிவிட்டுக் கரையேறினாள். கதவை ஒட்டிய கடல்சுவர்மேல் ஊரே நின்று பார்த்தது. அலை ஒவ்வொன்றும் முந்தியதைவிட உயரமாக வந்தது. கதவு மூடவில்லை.

"ஏன் மூடல?" என்று கிருபாகரன் கத்தினான். காற்றில் அவன் குரல் கிழிந்தது. "எல்லாரும் வந்தாச்சே!"

"தலைவரே, ஊர்ல யாராச்சும் கொறையறாங்களா?"

"இல்லம்மா. வீடுவீடாப் பாத்தாச்சு."

"கன்னியம்மா, உங்க பக்கம்?"

"ஒருத்தரும் இல்ல."

 எங்கே தவறினோம்? எந்த வாக்கியம்? பூங்கோதை மனத்துக்குள் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். ஆள். கடல். கடலில் ஆள் இருக்கலாம். ஒன்றிலும் தப்பில்லை. தப்பில்லை என்றால்…

"அப்ப வெளிய யாரோ இருக்காங்க," என்றாள்.

"யாரு?"

"தெரியாது. ஆனா இருக்காங்க."

 ஏகாம்பரம் திரும்பி நான்கு பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பெரிய படகு ஒன்று கயிற்றோடு கதவைத் தாண்டிப் போனது. மேட்டுக்கு அப்பால் போனதும் மழைத்திரையில் மறைந்தது.  கன்னியம்மா பூங்கோதையின் முழங்கையைப் பிடித்திருந்தாள், வலிக்கும் அளவுக்கு.

படகு திரும்பியபோது அதில் ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்தாவது ஆளை யாருக்கும் தெரியவில்லை. ஆந்திரக் கரையில் படகு கவிழ்ந்து, ஒரு பிளாஸ்டிக் பீப்பாயைக் கட்டிக்கொண்டு இரண்டு நாளாக மிதந்து வந்தவன். பெயர் போலய்யா என்று பிறகு தெரிந்தது. அவனைத் தூக்கிக் கரையில் வைத்த நேரத்தில் பின்னால் இரும்பு உருளும் ஓசை கேட்டது. கதவு ஒரே சீராக மூடிக்கொண்டது. அடுத்த அலை அதன்மேல் மோதி, சுவருக்கு மேலே வெள்ளையாக எழும்பி, வெளியிலேயே விழுந்தது. ஊர் நனையவில்லை. சுவர்மேல் எழுந்த ஆரவாரத்தில் புயல் கொஞ்சநேரம் காதில் விழாமலே போயிற்று. கிருபாகரன் அழுதுகொண்டே யார் யாரையோ கட்டிப்பிடித்தான்.

கன்னியம்மா சூடான கஞ்சியைப் போலய்யாவின் வாயில் வைத்தாள். அவன் இரண்டு வாய் குடித்தான். நடுக்கம் சற்று நின்றதும் மூடியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தான். தெரிந்த தமிழில் தட்டுத்தடுமாறிக் கேட்டான்.

"அவ்ளோ அலை… நீங்க அந்தக் கதவு ஏன் மூடல?"

ஏகாம்பரம் தலையிலிருந்த துண்டை அவிழ்த்து அவன் தோளில் போர்த்தினார்.

"நீ இன்னும் வரலியேப்பா," என்றார்.